மலை ஏன் முன்னால் வந்து நிற்கிறது?

கேள்வி: வணக்கம் சார். நான் தென்காசியில் பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாக வீடியோ பார்த்து வாட்டர் கலர் பழகுகிறேன். பூ, பழம், ஓட்டு வீடு எல்லாம் ஓரளவு வருகிறது. சாரல் தொடங்கியதும் சுந்தரபாண்டியபுரம் போகிற வழியில் ஒரு குளத்தங்கரையில் உட்கார்ந்து, வயல், பனைமரம், பின்னால் குற்றால மலை, மேகம் என்று பெரிய படம் ஒன்று போட்டேன். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வானத்தில் காலிஃபிளவர் மாதிரி கறை விழுந்தது. அதைச் சரிசெய்யப் போய் இன்னும் மோசமானது. மலை, பனைமரத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. வயல் முழுக்க ஒரே பச்சை. குளம் சேறாகிவிட்டது. கடைசியில் வெள்ளை போஸ்டர் கலரில் கொக்கு வைத்தேன், அதுவும் ஒட்டவில்லை. போட்டோ இணைத்திருக்கிறேன். இதைத் திருத்த முடியுமா, கிழித்துப் போட்டுவிடவா? இயற்கைக் காட்சி நமக்கு வராது என்று விட்டுவிடலாமா? இன்னொன்று: மழைக்காலத்தில் பேலட்டில் பூஞ்சை பிடிக்கிறது. அதற்கு என்ன செய்வது?

பதில்: வணக்கம். முதலில், கிழிக்காதீர்கள். படத்தை மேசைமேல் வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பதிலைப் படியுங்கள். நடுநடுவே அந்தத் தாளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஓர் இடம் இருக்கிறது. இடது ஓரத்தில், மலை முகடு மேகத்துக்குள் போகிற இடம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அங்கே மலையின் நீலம் கோடாக நிற்கவில்லை. மேலே போகப்போக வெளுத்து, மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் ஆகிறது. நடுவில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு, பிரஷ் படாத வெறும் தாள், மேகத்தின் வெளிச்சமாக அப்படியே நிற்கிறது. சாரல் நாளில் அந்த மலையைப் பார்த்துப் பழகியவர் யாருக்கும் அந்த இடம் உடனே புரியும். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. அது உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. மற்ற இடங்கள் ஏன் கெட்டன என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

அந்த இடத்தை எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். படத்தைப் பார்த்தால், வானத்துக்கு முதல் வாஷ் (நீர் நிறையக் கலந்த வண்ணப் பூச்சு) கொடுத்த கையோடு, தாள் ஈரமாக இருக்கும்போதே மலையைத் தொட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இடமிருந்து வலமாகப் போயிருக்கிறீர்கள். வலது பக்கம் போய்ச் சேர்வதற்குள் தாள் உலர்ந்துவிட்டது. அதனால் இடது பக்கம் கரைந்த அதே மலை வலது பக்கம் கூர்மையான விளிம்போடு நிற்கிறது. கை ஒன்று, பிரஷ் ஒன்று, வண்ணமும் ஒன்று. மாறியது தாளின் ஈரம் மட்டும்தான்.

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கெட்டுப்போன வாட்டர் கலர் படத்தைப் பார்த்து, வண்ணம் சரியில்லை, வரைகிற கை சரியில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கெடுவது நேரத்தால். எந்த ஈரத்தில் எதைத் தொட்டோம், எப்போது நிறுத்தினோம் என்பதுதான் படத்தை முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு முழுவதும் காய்ந்த தாளில் பதிந்து கிடக்கிறது, படிக்கத் தெரிந்தால் போதும். நன்றாக வந்த படத்தில் அது தெரியாது. கெட்ட படத்தில்தான் பளிச்சென்று தெரியும். அதனால்தான் கிழிக்க வேண்டாம் என்கிறேன்.

வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. தெளித்த உடனே போட்டால் மாவு கரைந்து ஓடும், நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் காற்றில் பறக்கும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. தாளுக்கும் அந்தப் பதம் உண்டு.

நீர் தடவியதும் தாள் பளபளவென்று இருக்கும். இப்போது வண்ணம் வைத்தால் இஷ்டத்துக்கு ஓடும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பளபளப்பு குறைந்து லேசான மினுமினுப்பு மட்டும் மிஞ்சும். வண்ணம் இப்போது ஓடாது, ஓரம் மட்டும் மென்மையாகப் பரவும். உங்கள் இடது ஓரத்து மலை இந்த நேரத்தில் வந்ததுதான். அடுத்து அந்த மினுமினுப்பும் போய்விடும். பார்வைக்குத் தாள் காய்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் புறங்கையை மெல்ல வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும். ஆபத்து இந்தக் கட்டத்தில்தான். நார்களுக்கு நடுவில் ஈரம் இன்னும் போகவில்லை, வண்ணத்துகள்கள் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கின்றன. தாளைவிட அதிக நீர் பிடித்த பிரஷ் இப்போது பட்டால், அந்த நீர் நாலாபுறமும் பரவி, போகிற வழியில் இருக்கிற துகள்களையெல்லாம் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிடும். கூர்கூரான அந்த விளிம்புதான் நீங்கள் சொல்கிற காலிஃபிளவர்.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் ‘பத்து நிமிடம் பொறுங்கள்’ என்று சொல்லியிருப்பார்கள். ஏசி அறையில், வறண்ட காற்று உள்ள ஊரில் அது சரியாக இருக்கலாம். தென்காசியில் சாரல் நேரத்தில் காற்றே ஈரமாக இருக்கிறது. அந்த மூன்றாவது கட்டம், பார்வைக்குக் காய்ந்து தொட்டால் ஜில்லென்று இருக்கிற கட்டம், வெகுநேரம் நீளும். சித்திரை வெயிலில் இதற்கு நேர் எதிர்: பிரஷ் நகர நகர அதன் பின்னாலேயே தாள் காய்ந்துகொண்டு வரும். ஆகவே நிமிடக் கணக்கை மறந்துவிடுங்கள். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மினுமினுப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் புறங்கை. ஜில்லென்று இருந்தால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள், வேறு மூலையில் வேலை பாருங்கள்.

உங்கள் வானத்தில் மூன்று கறைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு உங்கள் பிரஷால் வந்தவை அல்ல என்று நினைக்கிறேன். தாள் அலை அலையாக எழும்பியிருப்பது போட்டோவிலேயே தெரிகிறது. மெல்லிய தாளில் நிறைய நீர் விட்டால் நார்கள் உப்பி மேடும் பள்ளமுமாக ஆகிவிடும். பள்ளத்தில் நீர் தேங்கும். சுற்றிலும் உலரத் தொடங்கியதும் தேங்கிய நீர் திரும்பி அந்தப் பக்கம் ஊறி வரும். கறை விழுந்திருக்கிற இடங்கள் இரண்டும் சரியாகப் பள்ளத்தின் ஓரத்தில் இருக்கின்றன. இதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், தாளைத்தான் சொல்வேன். ஸ்கெட்ச் புத்தகத் தாள் இந்த வேலைக்கு ஆகாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, முழுக்கப் பருத்தியில் செய்த தாள் வாங்குங்கள். விலை அதிகம்தான். அதனால் 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்று வாங்கி எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பதினொன்றுக்கு ஏழரை அங்குலம் வரும். பழகுவதற்கு அதைவிடப் பெரிய தாள் உங்களுக்கு இப்போது தேவையே இல்லை. சின்னத் தாளில் மலையை ஒரே ஈரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போட்டுவிடலாம். வலது பக்கம் போவதற்குள் காய்ந்துவிடுகிற பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தாளை வைத்துக்கொள்கிற விதமும் முக்கியம். வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடாமல் இருக்கத் தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பார்கள். ஈரக்காற்றில் நாள்பட்டால் அந்தப் பசை அங்கங்கே கெட்டுப்போகும். அந்த இடங்களில் வண்ணம் மையொற்றித் தாளில் இறங்குவதுபோல இறங்கிப் புள்ளிப் புள்ளியாகக் கறுத்துத் தெரியும். எத்தனை கவனமாக வாஷ் போட்டாலும் சரிவராது. பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, சுவரை ஒட்டாமல் பீரோவில் படுக்கையாக வையுங்கள்.

கறை விழுந்தபின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் தெரிகிறது. ஈரப் பிரஷால் தேய்த்திருக்கிறீர்கள், அது இன்னொரு கறையானது, பிறகு மேலே நீலம் பூசியிருக்கிறீர்கள். கறை விழுந்த உடனே கையை எடுத்துவிடுங்கள். முழுக்கக் காயட்டும். காய்ந்த பிறகு பார்த்தால், மழை மேகத்தில் அப்படி ஒரு விளிம்பு இருப்பது பல நேரம் அழகாகவே இருக்கும். வேண்டாம் என்றால், காய்ந்த தாளில் சுத்தமான ஈரப் பிரஷால் அந்த விளிம்பை மட்டும் இளக்கி டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுக்கலாம். ஈரத்தில் செய்கிற எந்தத் திருத்தமும் கறையைப் பெருக்கும்.

சரி, மலைக்கு வருகிறேன். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த தவறு இதுதான். தூரத்து மலை வெளிறி இருக்கும், கிட்டத்து மரம் அடர்ந்து இருக்கும் என்று எல்லாப் பாடங்களிலும் சொல்வார்கள். நமக்கும் மலைக்கும் நடுவில் உள்ள காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருகிற விளைவு அது. ஆனால் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் காற்றில் இருக்கும் தூசி அடங்கிவிடும். அப்போது மலை கருநீலமாகி, கை நீட்டினால் தொடலாம் போல நெருங்கி வந்து நிற்கும். தென்காசிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் பார்த்தது அதைத்தான், போட்டதும் அதைத்தான். பாடத்தில் சொன்னதை நம்பாமல் கண்ணால் பார்த்ததை நம்பியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம். சிக்கல் எங்கே வந்தது என்றால், உங்களிடம் இருந்த அடர்த்தி முழுவதையும் மலைக்கே செலவழித்துவிட்டீர்கள். பனைமரத்துக்கு மிச்சம் வைக்கவில்லை.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். படத்தை போனில் மறுபடி போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். மலையும் பனைமரத் தண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். மலை நீலம், தண்டு பழுப்பு என்பதால் நேரில் வேறுபாடு தெரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் எது முன்னால் எது பின்னால் என்று கண் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த அடர்த்தி வேறுபாட்டை வைத்துத்தான். இரண்டும் சமமாக இருந்தால் பரப்பளவில் பெரியது முன்னால் வந்துவிடும். இங்கே மலை வந்துவிட்டது.

மலையைக் கருநீலமாக வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. பனைமரம் மலையைவிட இன்னும் கருப்பாக இருக்க வேண்டும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் மிகக் குறைந்த நீரில் கெட்டியாகக் கலந்தால் கருப்புக்குப் பக்கத்தில் வரும். கடையில் கிடைக்கிற கருப்பு டியூபைவிட இது உயிரோட்டமாக இருக்கும், ஒரு பக்கம் நீலம் கூட்டி மறுபக்கம் பழுப்புக் கூட்டித் தண்டுக்கு உருண்டை கொடுக்கலாம். வாட்டர் கலர் காய்ந்தால் வெளுக்கும் என்பதால், போடும்போது ‘ஐயோ, ரொம்பக் கருப்பாக இருக்கிறதே’ என்று பயம் வரவேண்டும். அந்த அளவுக்குப் போங்கள். அதோடு மலையடிவாரத்தைக் கவனியுங்கள். சாரல் நாளில் மலை வயலில் வந்து நேராக முட்டாது. அடிவாரத்தில் வெளிறிய புகைப்பட்டை ஒன்று கிடக்கும், தோப்புகளுக்கு மேலாக. உங்கள் படத்தில் மலை அடிவரை ஒரே அடர்த்தியில் இறங்கி வயலோடு ஒட்டிக்கொண்டது. மலைக்கு வாஷ் போடும்போது கீழே வர வர வெறும் நீரைக் கூட்டியிருந்தால் அந்தப் பட்டை தானாகக் கிடைத்திருக்கும், மலையும் பின்னால் போயிருக்கும்.

பச்சை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டியூபிலிருந்து எடுத்த ஒரே பச்சையை நீர் கூட்டிக் குறைத்து வயல் முழுக்கப் போட்டிருக்கிறீர்கள். பச்சை டியூப் இரண்டையும் ஒரு மாதம் டப்பாவிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். லெமன் மஞ்சளில் தாலோ நீலம் துளி சேர்த்தால் நாற்றங்கால் பச்சை வரும், அந்தக் கண்ணைப் பறிக்கிற பச்சை வேறு எதிலும் வராது. கார் பயிர் நட்டு வேர் பிடித்த வயலுக்கு நீலத்தைச் சற்றுக் கூட்டுங்கள். அல்ட்ராமரினும் அடர் மஞ்சளும் சேர்ந்தால் மங்கிய பச்சை. வரப்புப் புல்லுக்கும் கரையோர மரங்களுக்கும் அது. எந்தப் பச்சை கத்தினாலும் பர்ன்ட் சியன்னா ஒரு துளி அதை அடக்கும். பனையோலை நாம் நினைப்பதைவிடச் சாம்பல். அடுத்த முறை வயலைப் பார்க்கும்போது, பெயர் ‘பச்சை’ என்பதை மறந்து, மஞ்சளுக்குப் பக்கமா நீலத்துக்குப் பக்கமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளம் சேறானதற்குக் காரணம் தேய்த்தது. போட்டோவில் அங்கே தாளின் மேற்பரப்பு உருண்டு நூல் நூலாகக் கிளம்பியிருக்கிறது. ஈரத் தாளில் திரும்பத் திரும்பப் பிரஷ் ஓட்டினால் அடியில் இருக்கிற வண்ணம் கிளம்பி மேலே உள்ளதோடு கலக்கும், நீலம், பச்சை, பழுப்பு மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று கொன்றுவிடும். ஜான் செல் காட்மன் என்ற ஆங்கில ஓவியர் 1805ஐ ஒட்டி வரைந்த ‘கிரேட்டா பாலம்’ என்ற வாட்டர் கலர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஓர் ஆறு, ஒரு கல்பாலம், பின்னால் மரங்கள். தண்ணீர் இருக்கிற இடத்தைப் பாருங்கள். தட்டையான வாஷ், அது காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொன்று, அவ்வளவுதான். இருநூறு ஆண்டு கழித்தும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. உங்கள் குளத்துக்கும் இரண்டு வாஷ் போதும். முதலில் வானத்தின் நிறத்தையே, வானத்தைவிடச் சற்று அடர்த்தியாக. நமக்குக் கிட்டத்தில் வர வர இன்னும் அடர்த்தியாக. அது முழுக்கக் காய்ந்ததும் மலையின் பிம்பம், பனையின் பிம்பம். அடர்ந்த பொருளின் பிம்பம் தண்ணீரில் அந்தப் பொருளைவிடச் சற்று வெளிறியும், வெளிறிய பொருளின் பிம்பம் சற்று அடர்ந்தும் தெரியும். இதைப் பின்பற்றினாலே அது குளம் என்று தெரிந்துவிடும், அலையெல்லாம் வரைய வேண்டாம்.

கொக்கு ஒட்டாததற்கும் காரணம் இருக்கிறது. சுற்றியுள்ள வண்ணங்களில் தாளின் வெண்மை ஊடுருவித் தெரிகிறது, போஸ்டர் வெள்ளை மட்டும் சுண்ணாம்பாக மேலே உட்கார்ந்திருக்கிறது. வாட்டர் கலரில் வெள்ளை என்றால் தாள்தான். கொக்கு எங்கே நிற்கப்போகிறது என்று பென்சிலில் குறித்துவிட்டு, பச்சையை அதைச் சுற்றிப் போடவேண்டும். தூரத்துக் கொக்கு ஒரு நெல்மணி அளவுதான், விட்டுவிட்டுப் போவது கஷ்டமில்லை. மறந்துவிட்டால், நன்றாகக் காய்ந்த கனமான தாளில் பிளேடு நுனியால் லேசாகச் சுரண்டி எடுக்கலாம். இது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆங்கில ஓவியர் டர்னர் 1818இல் ஒரு போர்க்கப்பல் படத்தை நண்பர் வீட்டில் ஒரே காலைப்பொழுதில் போட்டு முடித்தார். தாளை வண்ணநீரில் ஊறவிட்டு, தேய்த்து, சுரண்டித்தான் அதை முடித்தார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடிவைத்துப் பிறகு உரிக்கிற மாஸ்கிங் திரவம் வாங்க நினைத்தால், வெயிலில் காயவைக்காதீர்கள், அன்றைக்கே உரித்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் அது தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் சேர்த்துக் கிழிக்கும்.

இனி, இதைத் திருத்தலாமா என்ற கேள்வி. முழுப் படத்தையும் காப்பாற்ற முடியாது. வானத்தில் இன்னொரு வாஷ் ஏற்றினால் இன்னும் இறுகிப்போகும், குளத்தில் தாளே போய்விட்டது. அட்டையில் ‘ட’ வடிவத் துண்டுகள் இரண்டு வெட்டிக்கொண்டு, படத்தின் மேல் சதுரமாக வைத்து நகர்த்திப் பாருங்கள். இடது ஓரத்து மலையும் மேகமும் ஒரு போஸ்ட்கார்டு அளவுக்குத் தனிப் படமாக நிற்கும். அதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை வண்ணம் எடுத்துப் பழகப் பயன்படுத்துங்கள். ஈரப் பிரஷால் இளக்கி டிஷ்யூவால் ஒற்றும்போது அல்ட்ராமரின் ஓரளவு கிளம்பும், தாலோ நீலம் கறையாகப் பிடித்துக்கொண்டு கிளம்பவே கிளம்பாது. எந்த வண்ணம் மன்னிக்கும், எது மன்னிக்காது என்று இப்படிக் கையால் தெரிந்துகொள்வது நல்லது.

வெட்டுவதற்கு முன்னால் படத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள்: தேதி, நேரம், தூறல் இருந்ததா, என்ன தாள், எதற்குப் பிறகு எதைப் போட்டீர்கள், எந்த இடத்தில் ‘போச்சு’ என்று தோன்றியது. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். ‘போச்சு’ என்று தோன்றிய பிறகும் எவ்வளவு நேரம் வேலை செய்தீர்கள் என்று நேர்மையாக எழுதுங்கள். போட்டோவைப் பார்த்தால், வானம், குளம், கொக்கு மூன்றும் அந்த நேரத்தில் கெட்டவை என்று தோன்றுகிறது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல வானமும் நல்ல மலையும் உள்ள அரைகுறைப் படம் ஒன்று கையில் இருந்திருக்கும். அரைகுறைப் படம் கேவலமில்லை. 1851இல் டர்னர் இறந்தபோது விட்டுப்போன தாள்களில், வானமும் கடலும் வெறும் வண்ணப் பட்டைகளாக நிற்கிற, படமாக முடிக்கப்படாத தொடக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றை அவர் எறியவில்லை. இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள்.

ஒரே உட்காரலில் வெளியில் வைத்தே முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் பக்கத்துக்கே 1792 வாக்கில் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வந்திருக்கிறார்கள். பாபநாசம் அருவியைப் பார்த்து வரைந்ததை அச்சுப் படமாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் உட்கார்ந்து செய்தது பெரும்பாலும் பென்சில் கோடும் மெல்லிய வாஷும்தான். அச்சுப் படங்கள் பல வருடம் கழித்து லண்டனில் உருவானவை. நீங்களும் கரையில் உட்கார்ந்து பென்சில் குறிப்பு மட்டும் எடுங்கள். தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, மூன்றே அடர்த்தியில் காட்சியைப் பிரியுங்கள்: வெறும் தாள், சாம்பல், கருப்பு. மலை எதில் சேரும், பனை எதில் சேரும் என்று அங்கேயே முடிவாகிவிடும். இந்தக் குறிப்பு இருந்தால் வண்ணத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் வந்து முழுக் காட்சியைத் தொடாதீர்கள். எட்டில் ஒரு துண்டை எடுத்து, மலை முகடும் மேகமும் மட்டும் போடுங்கள். இன்னொரு துண்டில் அதையே தாள் சற்று உலர்ந்த பிறகு போடுங்கள், மூன்றாவதில் இன்னும் உலர்ந்த பிறகு. பின்பக்கம் எந்தப் பதம் என்று எழுதுங்கள். இடது ஓரத்தில் தானாக வந்தது, வேண்டும்போது வரத் தொடங்கும். அது கைக்கு வந்த பிறகு பனையைச் சேருங்கள், அப்புறம் வயல். குளத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கைக் காட்சி வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். மழை விட்டதும் மலை நெருங்கி வருவதைக் கவனித்து, பாடத்துக்கு மாறாக அதைத் தாளில் வைக்கத் துணிந்திருக்கிறீர்கள். கவனிக்கிற கண் இருக்கிறது என்பதற்கு இது போதுமான சாட்சி. மற்றது ஈரத்தோடு பழகுகிற வேலை. சாரல் முடிவதற்குள் இன்னும் நிறைய சனி, ஞாயிறு இருக்கிறது.

பேலட் பூஞ்சைக்கு: மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் டப்பாவை உடனே மூடிவிடுவதால்தான் அது வருகிறது. திறந்தே வைத்து, மின்விசிறிக் காற்றில் இரவு முழுவதும் உலரவிட்டு மறுநாள் மூடுங்கள். மூடியின் உட்பக்கத்தையும் துடையுங்கள், ஈரம் அங்கேதான் தங்கும். ஈரப் பஞ்சோ நனைந்த பிரஷோ டப்பாவுக்குள் கூடாது. பூஞ்சை வந்துவிட்டால் டிஷ்யூவால் மேல்பகுதியை வழித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தலாம். ஆழமாகப் பரவி வாடை அடித்தால் அந்த வண்ணத்தை எடுத்துப் போட்டுவிட்டுக் குழியைக் கழுவுங்கள். தேன் சேர்த்துச் செய்கிற வண்ணங்கள் ஈரக்காற்றில் பிசுபிசுவென்றே இருக்கும், உங்கள் ஊருக்கு அவை வேண்டாம். டியூபிலிருந்து அன்றைக்குத் தேவையானதை மட்டும் பிதுக்கிக்கொள்ளுங்கள்.